எஞ்சின் அம்பாவுக்கு ஒரு பக்கம்

நம் இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரையை நீக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கலை, இசைப் பகுதிக்குப் பொறுப்பாசிரியராக இருந்து ஓய்வு பெறும்வரை அந்தப் பொத்தான் என்னிடம் இருந்தது. நீக்கியவற்றில் பெரும்பாலானவற்றின் தலைப்புகூட இப்போது நினைவில் இல்லை. பொன்னமராவதியிலிருந்து ஒரு கடைக்காரர் தன் கடையின் விளம்பரப் பாட்டுக்குத் தனிப்பக்கம் வேண்டும் என்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் எழுத எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் அப்படிப்பட்ட கதைகளைச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. விதிகளை இப்போது இங்கே உங்களோடு இருக்கும் சரவணன் என்னைவிடத் தெளிவாகச் சொல்லிக்கொடுப்பார். நான் ஒரே ஒரு கட்டுரையைப் பற்றிச் சொல்கிறேன். அதை நீக்கத்தான் வேண்டும் என்று பார்த்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் பல வாரம் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

கட்டுரையின் தலைப்பு ‘எஞ்சின் அம்பா’. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடும் பாட்டுக்கு நம் கடலோரத்தில் அம்பா என்று பெயர். அந்த அம்பாவிலிருந்து புதிதாக ஓர் இசை வகை மீமிசலில் பிறந்திருக்கிறது என்றது கட்டுரை. விசைப்படகின் எஞ்சின் ஓசைதான் அதற்குத் தாளமாம். பாண்டி என்பவர் அதன் தந்தையாம். கடலோரம் முழுக்கப் பல இசைக்குழுக்கள் அவரைப் பின்பற்றுகின்றனவாம். நடுவில் ஒரு வாக்கியம் இருந்தது: ‘கடல் தன் மூச்சைப் பாட்டாக மாற்றிக்கொண்ட இடம் இது.’ களஞ்சியத்தில் யாரும் இப்படி எழுதமாட்டார்கள். அடிக்குறிப்பு ஒன்றுகூட இல்லை.

யாரோ ஒரு வாசகர், இது ஒருவர் சொந்தமாக உண்டாக்கிய பெயர், இப்படி ஓர் இசை வகையே கிடையாது என்று புகார் கொடுத்திருந்தார். சரவணன் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் மாடியில் இருந்த நம் பழைய அலுவலகத்தில், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். இணையத்தில் தேடிவிட்டதாகவும், மூன்று பாட்டுகளைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். ஒரு விஷயத்தோடு சம்பந்தமில்லாத வெளியாள் ஒருவர் அதைப் பற்றிப் பொருட்படுத்தும்படி எழுதியிருந்தால்தான் அதற்கு நம்மிடம் இடம். இங்கே அப்படி எழுதியவர் யாருமில்லை. எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

சரி என்று சொல்லியிருக்க வேண்டும். பாட்டைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்டேன். முதலில் எஞ்சின் மட்டும் ஓடுகிறது, நிதானமாக. அதன் மேல் ஒரு ஆண் குரல் ஓர் அடியைப் பாடிவிட்டு நிற்கிறது. திருப்பிப் பாடும் குரல்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்திலிருந்து வருகின்றன. ஒன்றில் காற்று அடிக்கிறது. ஒன்றில் பின்னால் யாரோ மீன் ஏலம் கூவுகிறார். ஒருவர் பாதி அடியில் சிரித்துவிடுகிறார். அந்தச் சிரிப்பையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். டீசல் தீர்கிறது, ஐஸ் கரைகிறது, கரை மட்டும் இன்னும் வரவில்லை என்று போகிறது பாட்டு. மூன்றையும் கேட்டு முடித்து, மறுபடியும் முதல் பாட்டைப் போட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

பாட்டு நன்றாக இருந்ததுதான் என் சிக்கல். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் ஒருவர், ஒன்று உனக்குப் பிடித்துப்போனால் அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிடு என்பார். நான் கொடுக்கவில்லை. எங்கள் குழுவில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடலோரம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

முறைப்படி, நீக்குவது பற்றிக் கருத்துச் சொல்லலாம் என்று கட்டுரையின் மேலே அறிவிப்புப் போட்டோம். வழக்கமாக அந்த அறிவிப்புக்குக் கீழே இரண்டு மூன்று பேர் வந்து ஏதாவது சொல்வார்கள். இதற்கு மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என்று கடலோரத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். பலர் எங்கள் தளத்தில் அன்றுதான் கணக்குத் தொடங்கியவர்கள். ‘நாங்கள் கேட்கிறோம், அது போதாதா?’ என்று எழுதினார்கள். ஒருவர் மட்டும் கோபப்படாமல் ஒன்று கேட்டார். சபாவில் ஒரு தடவை பாடியவருக்கெல்லாம் இங்கே பக்கம் இருக்கிறது, வலை இழுக்கிறவன் பாட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விசாரணை என்று.

அந்தக் கேள்வியை நான் எளிதாக ஒதுக்கியிருக்கலாம். கூட்டம் சேர்த்துக்கொண்டு வந்தவர்களின் வாதம் என்று எழுதி முடித்திருக்கலாம். ஆனால் நம் களஞ்சியத்தில் ‘அம்பா’ என்று தேடிப் பார்த்தேன். இல்லை. பரம்பரை பரம்பரையாகப் பாடப்பட்டு, பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்யப்பட்டு, புத்தகமாகவும் வந்துவிட்ட பாட்டு வகைக்கு நம்மிடம் ஒரு வரிகூட இல்லை. பேத்திக்கு இடம் உண்டா என்று நாங்கள் விசாரித்துக்கொண்டிருந்தோம். பாட்டிக்கே இடம் கொடுத்திருக்கவில்லை. அந்த மனிதர் கேட்டதில் பாதி நியாயம் இருந்தது. ஒரு வாதத்தில் பாதி நியாயம் இருந்தால் அந்தப் பாதியை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். முழுசாகத் தள்ளவும் வேண்டாம், முழுசாக ஒத்துக்கொள்ளவும் வேண்டாம்.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் கலைச்செல்வி. மீமிசலில் ஒரு ஐஸ் கம்பெனியில் பில் போடுகிற வேலை. கட்டுரையை எழுதியது தான்தான் என்றார். பாண்டி அவருடைய கணவர்.

பாண்டி விசைப்படகில் எஞ்சின் டிரைவர். ஒருநாள் கடலில் வலை ஏற்றும்போது கயிறு சுருட்டும் வின்ச் இயந்திரத்தில் கயிறு சுற்றி வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. காயம் ஆறிய பிறகும் அவர் படகுக்குத் திரும்பவில்லை. வீட்டை விட்டே வெளியே வரவில்லை. யார் தேடி வந்தாலும் தூங்குகிறார் என்று சொல்லச் சொல்வார். எஞ்சின் சத்தம் இல்லாமல் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை என்பது கலைச்செல்விக்குப் புரிந்தது. கூடப் படகில் போன ஒருவரிடம் சொல்லி, அந்தப் பழைய படகின் எஞ்சின் ஓசையை வாட்ஸ்அப்பில் பதிந்து அனுப்பச் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்த பாண்டி ஒருநாள் அதோடு சேர்ந்து ஓர் அடி பாடினார். பாடியதைக் கூட்டாளிகளுக்கு அனுப்பினார். அவர்கள் இருந்த இடத்திலிருந்தே திருப்பிப் பாடி அனுப்பினார்கள். அத்தனையையும் செல்போனிலேயே கோத்து ஒரு பாட்டாக்கினார். அப்படித்தான் மூன்று பாட்டும் வந்தன.

நான் கேட்ட காற்றும் ஏலச் சத்தமும் எங்கிருந்து வந்தன என்று அப்போதுதான் தெரிந்தது. நாலு பேர் சேர்ந்து இழுக்கும்போது பாடுகிற பாட்டை, சேர்ந்து இழுக்க முடியாமல் போன ஒருவர் வீட்டில் உட்கார்ந்தபடி பாடியிருக்கிறார்.

“அந்தப் பக்கத்தை அவுககிட்ட காட்டின பெறகுதான் மேடம் சட்டையப் போட்டுக்கிட்டு வெளிய கெளம்புனாக,” என்றார் கலைச்செல்வி. “இப்பத்தான் கோட்டைப்பட்டினம் வரைக்கும் போயிட்டு வாராக. இப்பப் போயி அதைத் தூக்கிட்டீங்கன்னா நான் என்ன சொல்றது?”

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பார்க்கிறேன் என்பதுபோல ஏதோ சொல்லியிருப்பேன். நம் வேலையில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. கேட்பவருக்கு அது நம்பிக்கையாகிவிடுகிறது; சொன்னவர் அதற்குள் அதை மறந்திருப்பார்.

அடுத்த வாரம் சரவணன் சந்தோஷமாக வந்தார். ஒரு நாளிதழின் இணைப்பில் எஞ்சின் அம்பா பற்றிக் கால் பக்கத்துக்குச் செய்தி வந்திருந்தது. மீமிசலில் புது இசை, கடலோரக் குழுக்கள், பாண்டியின் படம். கலைச்செல்வி அதை அடிக்குறிப்பாகவும் சேர்த்துவிட்டார். ஆதாரம் வந்துவிட்டது மேடம், வைத்துக்கொள்ளலாம் என்றார் சரவணன். அவருக்கும் அந்தப் பாட்டு பிடித்துப்போயிருந்தது. எனக்கும் நெஞ்சில் பாரம் இறங்கியது போல இருந்தது. அந்த நிம்மதியோடு செய்தியை வாசித்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பத்தியில், ‘கடல் தன் மூச்சைப் பாட்டாக மாற்றிக்கொண்ட இடம் இது’ என்று இருந்தது.

ஓர் எழுத்தும் மாறாமல் அதே வாக்கியம்.

செய்தியை எழுதிய நிருபரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். நல்ல மனிதர். எதையும் மறைக்கவில்லை. உங்கள் பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதினேன் மேடம், களஞ்சியத்திலேயே இருக்கிறதே என்று வேறு யாரிடமும் கேட்கவில்லை, படத்தை மட்டும் அவர் வீட்டிலிருந்து வாங்கினேன் என்றார். நாம் சொன்னதை அவர் நம்பி எழுதிவிட்டார். அவர் எழுதியதை நாம் ஆதாரம் என்று வைத்துக்கொள்ளப்போகிறோம். இனி அதை வைத்து இன்னொருவர் எழுதுவார். இல்லாத இசைக்குழுக்கள் இப்படித்தான் இருப்பவை ஆகும்.

உங்களிடம் நேராகவே சொல்கிறேன். அன்று நான் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அடிக்குறிப்பு இருக்கிறது, நாளிதழ் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. யாரும் அதற்கு மேல் பார்க்கமாட்டார்கள். ஒரு மனிதர் வீட்டைவிட்டு வெளியே வருவதற்கு ஒரு பக்கம் உதவுகிறது என்றால் அது இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நாள் முழுக்க என்னோடு நானே பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு மறுப்பு கிடைத்தது ஒரே இடத்தில். மீமிசல் பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரு பெண் தன் ஊரைப் பற்றி எழுத நம் பக்கத்தைத் திறந்தால் அந்த இல்லாத குழுக்களைத்தான் எழுதிக்கொண்டு போவாள். அவளும் நம்மை நம்பித்தான் வருகிறாள்.

நீக்குவது என்று முடிவு செய்தேன். ஆனால் அறிவிப்பில் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தோன்றியது. கலைச்செல்விக்குப் போன் செய்து, வருகிறேன் என்றேன். எதற்கு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவுக முன்னாடி மட்டும் சொல்லாதீங்க மேடம் என்றார். சரவணன் என்னைத் தடுக்கப் பார்த்தார். பொறுப்பாசிரியர் வீட்டுக்குப் போய் விளக்கம் சொல்வது வழக்கமில்லை, நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்றார். அவர் சொன்னது சரிதான். நான் விடுப்புப் போட்டுவிட்டு, சொந்த வேலையாக, அறந்தாங்கி பஸ்ஸில் ஏறினேன். அங்கே மாறி மீமிசல்.

கடைத்தெருவைத் தாண்டி ஓட்டுவீடு. இஸ்திரி போட்ட சட்டையோடு பாண்டி வாசலில் நின்றிருந்தார். வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். வாங்க மேடம், இங்கிட்டு ஒக்காருங்க என்று காற்றாடிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டார். களஞ்சியத்திலிருந்து ஒருவர் வருகிறார் என்று மட்டும் கலைச்செல்வி சொல்லியிருக்கிறார். அவர் வாங்கி வந்த குளிர்பானத்தைக் குடித்து முடித்தேன். பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியங்கள் எல்லாம் அந்த வீட்டுக்குப் பொருந்தாதவையாக இருந்தன.

பாண்டியே தொடங்கினார். அந்தப் பக்கத்தைத் தனக்கு வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். முதல் இரண்டு வரியோடு நிறுத்திவிட்டாராம். அதற்கு மேல் படிக்க மனசு வரவில்லையாம். கலைச்செல்வி என்னைப் பார்த்தார். நான் செல்போனை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். இதன் தந்தை என்ற இடத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். பல இசைக்குழுக்கள் என்ற இடத்தில் மெதுவாக நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

“எந்தக் குழு கலா?”

கலைச்செல்வி காலி டம்ளரை எடுத்துத் தள்ளிவைத்தார்.

பாண்டி கோபப்படவில்லை. என்னிடம் சொல்வதுபோல அவருக்குச் சொன்னார். கோட்டைப்பட்டினத்து ஏலக்கூடத்துக்குப் போனால் வாங்க தந்தையே என்றுதான் கூப்பிடுகிறார்களாம். கேலிதான், தப்பாக இல்லை. ஆனால் திருப்பிப் பாடி அனுப்பிய ஆட்களும் அங்கேதான் நிற்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர்கள் குரல் இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை. பக்கத்தில் அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

“இதை ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றார் கலைச்செல்வி.

“நீ ஆசையா எழுதினதாச்சே. எடுத்துருன்னு எப்புடிச் சொல்ல?”

“அதைப் பாத்துட்டுத்தான் நீங்க எந்திரிச்சு வெளிய போனீகன்னு நான் நெனச்சேன்.”

“நான் வெளிய போனது அவனுகளப் பாக்க. குரல அனுப்பிக்கிட்டே இருந்தானுக. எத்தன நாளைக்குக் குரல மட்டும் கேக்குறது, மொகத்தப் பாப்போமேன்னு போனேன்.”

அவர் அந்தப் பக்கத்தை மனைவிக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தார். மனைவி அவருக்காக அதைக் காப்பாற்ற ஊரெல்லாம் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். நான் நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் மனசு நோகக் கூடாது என்று வாக்கியம் யோசித்துக்கொண்டிருந்தேன். எடுத்துருங்க மேடம் என்றார் பாண்டி. பிறகு, பேரு மட்டும் நல்ல பேரு, அது இவ வச்சது என்று சொல்லிச் சிரித்தார். பேச்சு வேகத்தில் கை துண்டிலிருந்து வெளியே வந்திருந்தது. அவர் அதை மறுபடி மறைக்கவில்லை.

என் வேலை முடிந்தது என்று எழுந்தேன். கலைச்செல்வி உள்ளே போயிருந்தார். சொல்லிக்கொள்ளாமல் எப்படிப் போவது? அடுப்படி வாசலில் போய் நின்றேன். மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல் பேசினார். பத்தாவது வரைக்கும் கட்டுரைப் போட்டிகளில் எழுதுவாராம். அதற்குப் பிறகு பில்லைத் தவிர எதையும் எழுதியதில்லை.

“நான் எழுதினதை நாலு பேரு படிச்சது அதுதான் மேடம் மொதத் தடவ. அவுகளுக்காகத்தான் எழுதினேன். ஆனா எனக்குன்னும் அது ஒண்ணு இருந்துச்சு.”

இத்தனை வாரமாக இந்த விஷயத்தை எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்த எனக்கு அது ஒருமுறைகூடத் தோன்றவில்லை. பாண்டியைப் பற்றி யோசித்தேன், வாசகரைப் பற்றி யோசித்தேன், பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் பற்றிக்கூட யோசித்தேன். எழுதியவர் ஒருவர் இருக்கிறார் என்று யோசிக்கவில்லை. கடல் மூச்சு வாக்கியம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது என்று அவரிடம் சொன்னேன். களஞ்சியத்துக்கு அது பொருந்தாது, ஆனால் நல்ல வாக்கியம், அதைத் தொலைத்துவிடாதீர்கள் என்றேன். அவர் கண்ணைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டுட்டுத்தான் போகணும் என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

கட்டுரை முழுவதையும் அவருக்கு அனுப்பிவைத்துவிட்டு, மறுநாள் அதை நீக்கினேன். அவர் அதைப் பாட்டுகளின் கீழே, தங்கள் சொந்தப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். குழுக்கள் என்ற வரியை எடுத்துவிட்டு, திருப்பிப் பாடியவர்கள் பெயரையெல்லாம் சேர்த்திருந்தார். களஞ்சியத்தில் வராததற்கெல்லாம் உலகத்தில் இடமில்லை என்று நாம்தான் சிலசமயம் நினைத்துக்கொள்கிறோம்.

அதன் பிறகு அம்பாவுக்கு ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். தஞ்சாவூர் வரை போய் ஆய்வேடுகளைப் பார்த்தேன். பழைய பாடல் தொகுப்பு ஒன்றை வாங்கினேன். எழுத எழுதக் கலைச்செல்விக்கு அனுப்பினேன். தெரிந்ததை எல்லாம் சேர்க்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேள்வி கேட்டார். இந்த வரி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, எங்கள் பக்கம் இப்படிச் சொல்லமாட்டோமே, இரண்டு ஊருக்கும் ஒன்றுதான் என்று அந்த ஆய்வாளர் சொல்கிறாரா அல்லது நீங்கள் சொல்கிறீர்களா என்று. ஒருமுறை மட்டும் தயங்கித் தயங்கி, கடைசியில் எஞ்சின் அம்பா என்று ஒரே ஒரு வரி போடலாமா என்று கேட்டார். அந்த வீட்டில் சாப்பிட்டவள் நான். போடவில்லை. ஏன் என்று விளக்கவும் வேண்டியிருக்கவில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை.

அம்பா கட்டுரை வெளிவந்த பிறகு அவர் நிற்கவில்லை. வலை வகைகள், கடலோர ஊர்கள், மீன்கள் என்று ஐஸ் கம்பெனியில் ஆள் வராத நேரத்தில் எழுதத் தொடங்கினார். நீங்கள் அவருடைய பயனர் பெயரைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. உங்கள் கட்டுரைகளில் சான்று தேவை என்று குறி போட்டுவிட்டுப் போகிறவர்களில் அவரும் ஒருவர். எந்தப் பெயர் என்று நான் சொல்லமாட்டேன்.

பாண்டி கோட்டைப்பட்டினத்தில் எஞ்சின் பழுது பார்க்கும் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்தார். பாட்டும் நிற்கவில்லை. வேறு படகுக்காரர்களும் தங்கள் எஞ்சினை வைத்து வாட்ஸ்அப்பில் இப்படிப் பாட ஆரம்பித்தார்கள். கலைச்செல்வி முன்கூட்டியே எழுதிவைத்த குழுக்கள் ஒருவழியாக வந்து சேர்ந்தன என்று நான் நினைத்துக்கொள்வேன். அது அவர் எழுதியதைச் சரியாக்கிவிடாது. அவர் எழுதிய அன்று அவர்கள் இல்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, கடலோரத் தொழில் பாட்டுகளைப் பற்றி ஒரு பேராசிரியர் எழுதிய புத்தகம் வந்தது. எங்கள் யாரையும் அவருக்குத் தெரியாது. ஊர் ஊராகப் போய்ப் படகுக்காரர்களிடம் பேசியிருக்கிறார். அதில் ஓர் அத்தியாயம் முழுக்க இந்தப் பாட்டுகள்தான். அதை வைத்துச் சரவணன் ‘எஞ்சின் அம்பா’ என்ற தலைப்பில் புதிதாக ஒரு கட்டுரை எழுதினார். என்னிடம் காட்டவில்லை. எனக்கு அந்த வீட்டைத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். காட்டாததற்காக அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை கூடியது.

வெளிவந்த அன்றைக்குக் கலைச்செல்வி போன் செய்தார். கட்டுரை நன்றாக இருக்கிறது, எல்லா வரிக்கும் சான்று இருக்கிறது என்றார். பாடுபவர்கள் வரிசையில் நடுவில் எங்கேயோ பாண்டியின் பெயரும் இருக்கிறதாம். அவருக்கு அதில் ரொம்ப சந்தோஷம். முன்னாலும் பின்னாலும் கூட்டாளிகள் பெயர் இருக்கிறதே என்று. சற்று நேரம் வேறு ஏதோ பேசிவிட்டு, ஒரே ஒரு வரி மேடம் என்றார். செல்போனைப் பார்த்து வாசித்துக் காட்டினார். இவ்வகைப் பாடலை இப்பகுதி மக்கள் எஞ்சின் அம்பா என்று அழைக்கின்றனர்.

“சொந்த விசயம். நான் அதைத் தொடக்கூடாதில்லையா மேடம்?”

தொடக்கூடாதுதான் என்றேன்.

“தெரியும். தொடமாட்டேன்.” குரலில் சிரிப்பு இருந்தது. “ஆனா இப்பகுதி மக்கள்னு போட்டிருக்குல்ல? அந்த மக்கள் நாந்தான் மேடம்.”